டிப்ஸ்டிக் இல்லாத பிக்கப்

ட்ரான்ஸ்மிஷனுக்கு ஒயில் மாற்றத் தேவையில்லை என்று வாகனம் விற்கிறவர் சொன்னால் நம்பாதீர்கள். ஸ்காபரோவில் பிக்கப்களுக்கு அடியில் கிடந்து உழைக்கிறவன் நான். அந்தப் பேச்சை நம்பி எங்கள் சனம் இழக்கிற காசைப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஆட்களில் பிக்கப் வைத்திருப்பவர்கள் கூரை போடுகிறவர்கள், வீடு திருத்துகிறவர்கள், கோடையில் புல் வெட்டிப் பனிக்காலத்தில் ஸ்னோ தள்ளுகிறவர்கள். பெரும்பாலும் புதிதாக வாங்குவதில்லை. ஃபோர்ட் ஆனாலும் ராம் ஆனாலும் கனடாவில் எஞ்சினுக்கும் ட்ரான்ஸ்மிஷனுக்கும் பொதுவாகக் கிடைத்து வந்த உத்தரவாதம் 5 வருடம் அல்லது 100,000 கிலோமீற்றர். அது முடிகிற நேரம் பார்த்து முதல் சொந்தக்காரர் விற்கிறார், எங்கள் தம்பி ஒருவர் வாங்குகிறார். அவ்வளவு தூரமும் ஓடியது தொழிற்சாலையில் ஊற்றிய அதே ஒயிலில். கியர் இழுபடத் தொடங்கும்போது உத்தரவாதம் போய்விட்டது. செலவு முழுவதும் தம்பியின் தலையில்.

ராம் 1500இல் வரும் 8 கியர் ட்ரான்ஸ்மிஷனை வடிவமைத்தது ஜெர்மனியின் ஸெட்.எஃப். நிறுவனம். சாதாரணப் பாவனையில் ஒயிலும் ஃபில்டரும் மாற்றத் தேவையில்லை என்று ராம் கைநூல்கள் சொல்லி வந்திருக்கின்றன. ஆனால் அந்தப் பெட்டியை வடிவமைத்த ஸெட்.எஃப்., 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள், அல்லது 8 வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. நான் ஸெட்.எஃப். பக்கம். பின்னால் கூரை ஓடுகளை ஏற்றி, ட்ரெய்லரையும் கொழுவிக்கொண்டு, மைனஸ் 20 குளிரில் விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிடுவது சாதாரணப் பாவனை அல்ல.

எஞ்சின் ஒயில் போல இதை வெறும் மசகு என்று நினைக்கக்கூடாது. ஓட்டோமற்றிக் ட்ரான்ஸ்மிஷனில் எஞ்சினின் விசையைக் கடத்துவதும், கிளச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும், சூட்டை வெளியே கொண்டுபோவதும் இந்த ஒயில்தான். ஒரு பிளாசாவின் பார்க்கிங்கில் ஸ்னோ தள்ளுகிற பிக்கப்பைக் கவனித்துப் பாருங்கள். முன்னுக்குப் போகும், பின்னுக்கு வரும், இரவு முழுவதும் அதுதான். வேகம் இல்லாததால் ஒயிலைக் குளிர்விக்கிற கூலருக்குக் காற்றும் போதாது. அவசரக்காரர் வண்டி நிற்க முதலே றிவேர்ஸிலிருந்து டிரைவுக்குத் தட்டுவார். ஒவ்வொரு தட்டலுக்கும் கிளச் தட்டு கொஞ்சம் தேய்ந்து ஒயிலில் கலக்கிறது.

ஒயில் பானை இறக்கியதும் முதலில் மணந்துதான் பார்ப்பேன். புது ஒயில் பெரும்பாலும் சிவப்பு. வயது போக மண்ணிறமாகும், அதற்குப் பயப்படத் தேவையில்லை. கறுத்து, கருகல் மணம் அடித்தால் தட்டு எரிந்திருக்கிறது. பானின் அடியில் சிறிய காந்தம் ஒன்று இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மை போலப் படிந்திருப்பது வழமையான தேய்மானம். துடைத்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். விரலில் நெருடுகிற இரும்புத் துண்டுகள் வந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. இந்த இரண்டுக்கும் வித்தியாசத்தை வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் காட்டாத மெக்கானிக் பாதி வேலைதான் செய்கிறார் என்பது என் எண்ணம்.

"அண்ணை, இவ்வளவு நாளும் ஓடினது ஓடட்டும். மாத்தினாத்தான் பழுதாப் போகுமாம்" என்பார்கள். இந்தக் கதை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். வழுக்கத் தொடங்கிய பிறகு கடைசி முயற்சியாகத்தான் பலர் ஒயிலை மாற்றுகிறார்கள். எரிந்த தட்டைப் புது ஒயில் திருத்தாது. கொஞ்ச நாளில் வண்டி நின்றுவிடும், பழி ஒயிலுக்குப் போகும். அந்த நிலையில் வருகிறவரிடம் நானும் மாற்ற வேண்டாம், காசை மிச்சம் பிடியுங்கள் என்றுதான் சொல்வேன். நான் சொல்வது நன்றாக ஓடும்போதே மாற்றுவதைப் பற்றி. அதுவும் மெஷினால் அழுத்திக் கழுவ வேண்டியதில்லை. பானை இறக்கினால் ஒரு பகுதி ஒயில்தான் வரும், மிச்சம் எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவில் இருக்கிற டோர்க் கன்வேர்ட்டரில் நிற்கும். ஃபில்டரை மாற்றி ஒயிலை நிரப்பி, கொஞ்ச நாள் ஓடவிட்டு, இன்னொரு தடவை இறக்கி ஊற்றினால் போதும்.

முன்பெல்லாம் இந்தப் பெட்டிகளைப் பராமரிப்பது சுலபம். 1990களின் பிற்பகுதி டொட்ஜ் ராம் டீசல் பிக்கப்களில் 47ஆர்.ஈ. என்ற ட்ரான்ஸ்மிஷன் வந்தது. இப்போதும் சில என்னிடம் வருகின்றன. உள்ளே சுழலும் உருளையை இறுக்கிப் பிடிக்கிற பட்டிதான் பாண்ட். முன் பாண்டை இறுக்குகிற திருகாணி இடது பக்கத்தில், வெளியிலேயே இருக்கும். பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகாணியை 72 இஞ்ச்-பவுண்ட் வரை இறுக்கி, அங்கிருந்து இரண்டு சுற்றுக்கு அரைக்கால் சுற்றுக் குறைவாகத் தளர்த்த வேண்டும். பிறகு திருகாணி அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டைப் பூட்ட வேண்டும். பின் பாண்டுக்குப் பானை இறக்க வேண்டும். அதற்கும் 72தான், ஆனால் மூன்று சுற்றுத் தளர்த்த வேண்டும். ஒயில் மட்டத்தை எஞ்சின் ஓட, சூடேறிய பிறகு, நியூட்ரலில் போட்டு, டிப்ஸ்டிக் என்ற அளவுக் குச்சியில் பார்க்கலாம். வீட்டு டிரைவ்வேயில் சொந்தக்காரரே செய்யக்கூடிய வேலை.

பாண்டைத் திருகுகிற காலம் திரும்பி வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. புது ட்ரான்ஸ்மிஷன்களில் தேய்மானத்துக்கு ஏற்பக் கணினியே அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது, நன்றாகவே செய்கிறது. ஆனால் ஒயிலைப் பார்க்கிற வழியையும் சேர்த்து எடுத்தது அநியாயம். அந்த 8 கியர் ராமில் மட்டம் பார்க்க வண்டியைச் சமமாக உயர்த்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஒயிலின் சூடு 30 முதல் 50 பாகைக்குள் இருப்பதை ஸ்கானரில் பார்த்து, பக்கத்து மூடியைத் திறந்து வழிகிறதா என்று பார்க்க வேண்டும். ஃபில்டர் தனியாகக் கிடையாது, பிளாஸ்டிக் பானோடு சேர்த்தே வாங்க வேண்டும். ஃபோர்ட் எஃப்-150இன் 6 கியர் பெட்டியில் சின்ன டிப்ஸ்டிக் ஒன்று உண்டு, அதுவும் வண்டிக்கு அடியில், கொதிக்கிற சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில்.

2024 நவம்பரில் கனடாவில் சி-244 என்ற மசோதா சட்டமானது. திருத்த வேலைக்காக வாகனத்தின் மென்பொருள் பூட்டைத் திறக்க அது இடம் கொடுக்கிறது. நல்ல சட்டம். ஆனால் சொந்தக்காரர் தன் வண்டியின் ஒயிலைத் தானே பார்க்க அது உதவாது. பாரம் இழுக்கவென்று விற்கப்படும் ஒவ்வொரு பிக்கப்பிலும் டிப்ஸ்டிக் இருக்க வேண்டும், கடும் பாவனைக்கான ஒயில் மாற்றக் கணக்கு கைநூலின் முன்பக்கத்திலேயே இருக்க வேண்டும். இதை நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்கிற உரிமை எங்களுக்கு இருக்கிறது.

அதுவரை, பழைய பிக்கப் வாங்குகிறவர்கள் ட்ரான்ஸ்மிஷன் ஒயில் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். இல்லை என்றால் அந்தச் செலவை விலையில் குறைத்துப் பேசி, வாங்கியதும் மாற்றுங்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று எழுதிய போத்தல் வேண்டாம். பழைய டொட்ஜுக்கு ஏ.ரி.எஃப்.+4, 6 கியர் எஃப்-150க்கு மேர்க்கொன் எல்.வி. என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒயில் உண்டு. எதை ஊற்றினார்கள் என்று ரசீதில் பெயரோடு எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கிற கராஜில் வண்டியை விடாதீர்கள்.