பட்டமா? பந்தா?

மைதானத்தில் திறமை காட்டிய பிள்ளை பல்கலைக்கழகம் புகுந்து பட்டம் பெற்ற பின்னரே விளையாட்டைத் தொழிலாகக் கொள்ளல் வேண்டுமா? அன்றி, ஒப்பந்தம் வந்த அன்றே புறப்பட்டுவிடலாமா? இவ்வினா கொழும்புச் செல்வரின் இல்லங்களுக்கு மட்டும் உரியதன்று. மூதூரில் மாலைதோறும் பந்துதைக்கும் தமிழ், முஸ்லிம் இளைஞரின் வீட்டுக் கதவுகளையும் இது தட்டுகின்றது.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி இதற்கு இரு விடைகளைத் தந்துள்ளது. அதன் மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 ஆம் ஆண்டு டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றார். அவ்விழாக்களில் இலங்கை பெற்ற முதலாவது தங்கம் அதுவே. அவர் அமெரிக்கா சென்று கற்றுக் கலாநிதிப் பட்டமும் பெற்றார். பாய்ந்த கால்கள் ஓய்ந்த பின்னரும் கற்ற கல்வி அவரைத் தாங்கியது. அதே கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த், 2020 டிசம்பரில், 19 வயது நிறையுமுன்னரே லங்கா பிரிமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்குப் பந்து வீசினார்; 2024 இல் ஐ.பி.எல். போட்டியில் ஹைதராபாத் அணிக்கு ஆடினார்.

எதிர்வீரசிங்கம் காலத்தில் ஒலிம்பிக் வீரர் விளையாட்டால் ஊதியம் பெறுதல் விலக்கப்பட்டிருந்தது. எனவே இச்சோதனை அவர்முன் எழவில்லை. வியாஸ்காந்துக்கு வந்த வாய்ப்போ நான்காண்டு காத்திருக்கும் இயல்பினதன்று. ஆதலின், 'முதலிற் பட்டம்' என்னும் கட்டளையை எல்லார் மீதும் சுமத்துதல் நீதியாகாது.

ஆயினும், ஒரு வியாஸ்காந்தின் பின்னே ஒப்பந்தமே காணாதோர் எத்தனை பேர்! முழங்காலில் ஏற்படும் ஒரு காயம் ஒருவனின் தொழிலையே முடித்துவிடக்கூடும். போகம் பொய்த்த ஆண்டிலும் விதைநெல்லில் கைவைக்காதவன் நம் கமக்காரன். பிள்ளையின் கல்வியும் அவ்விதைநெல்லே.

எனவே பெற்றோர்க்கு நாம் கூறுவது இது: உயர்தரப் பரீட்சை முடியுமுன் எவ்வொப்பந்தத்திலும் கையொப்பமிட விடாதீர்கள். முடிந்தபின் வருவதையும் சட்டமறிந்தோரிடம் காட்டுங்கள். சம்பளம் எவ்வளவு, காலம் எத்தனை, காயமுற்றால் வைத்தியச் செலவு யாருடையது என்பன எழுத்தில் இருத்தல் வேண்டும். நம்மூர்ச் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் இவ்வுதவியைக் கூலி கருதாது செய்தல் கடனாகும்.

ஆட்சியாளர்க்கும் கடமையுண்டு. திருகோணமலையைக் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாக வகுத்தது அரசே. விளையாட்டிற் சிறந்தோர்க்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடு உண்டெனினும் அவ்விடங்கள் மிகச் சில. அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் கற்றுக்கொண்டே தம் பெயராற் பொருளீட்ட 2021 முதல் அனுமதி பெற்றுள்ளனர். இங்கும் ஒப்பந்தம் பெற்றுச் செல்லும் மாணவனின் பல்கலைக்கழக இடத்தைச் சில ஆண்டுகள் ஒதுக்கிவைக்கும் விதியொன்றைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆக்குதல் வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அதற்குக் குரல்கொடுக்க முன்வருமா?

பந்தைத் தேர்ந்தவன் பட்டத்தை என்றென்றைக்குமாக இழக்க வேண்டுமென்பது விதியன்று. மனிதர் வகுத்த ஒழுங்கு. மனிதர் வகுத்ததை மனிதரே மாற்றலாம்.