சிறகுள்ள விதையும் பறவாப் பூச்சியும்

மாந்தோப்புகள் சூழ்ந்த பங்காருபாளையத்திலிருந்து மொகிலி மலைவழி ஏறினால் பலமனேர். பட்டுப்புழு வளர்ப்போர் வாழும் நிலம். வடகிழக்கே திரும்பினால் திருப்பதிக்கு அரணாய் நிற்கும் சேசாசலம், செம்மரத்தின் தாயகம். 2022 வரை ஒரே மாவட்டமாயிருந்த இந்த ஆந்திரப் பரப்பில் இரண்டு உயிர்கள் நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கின்றன.

பட்டுப்பூச்சி பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதன் கையில் வளர்வது. முசுக்கட்டை இலையைத் தட்டில் பரப்பினால் புழு தின்னும். பரப்பாவிடில் இரை தேடிச் செல்ல அறியாது. கூடு துளைத்து வெளிவரும் பூச்சி சிறகைப் படபடவென்று அடிக்கும், ஆனால் எழும்பாது. இரையும் கொள்ளாது; முட்டையிட்டுச் சில நாளில் மடியும். பெரும்பாலானவற்றுக்கு அந்த நாள்களும் இல்லை. இழை அறாதிருக்கக் கூட்டுக்குள்ளேயே வெப்பத்தால் கொல்லப்படுகின்றன. எண்ணிக்கையில் குறைவில்லை; தனக்கென ஒரு வாழ்வுதான் இல்லை.

செம்மரம் இதற்கு நேர்மாறு. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியே அதன் இயற்கை இருப்பிடம். கோடையில் மஞ்சளாய்ப் பூக்கும். வட்டக் காயைச் சுற்றி மெல்லிய சிறகு. காற்றடித்தால் சுழன்று சென்று கற்சரிவில் விழும். மனிதன் கையை எதிர்பாராத அம்மரத்துக்கு அக்கையே கூற்றாயிற்று. செவ்வைரத்துக்காக வெட்டிக் கடத்தப்பட்டு, இன்று அருகிவரும் இனம். 1995-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடு வந்தது. 2010-இல் சேசாசலம் உயிர்க்கோளக் காப்பகமானது. கோடரி ஓயவில்லை. 2015 ஏப்ரலில் அக்காட்டில் தமிழகக் கூலிகள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட துயரமும் ஆறவில்லை.

உழவர் நிலத்தில் செம்மரம் வளர்ப்பதே தீர்வு என்பார் உளர். 2004 முதல் இந்தியாவின் செம்மர வணிகத்தின்மீது இருந்த பன்னாட்டு மீளாய்வு 2023-இல் நீங்கியது அவர்களுக்கு ஊக்கம். உழவர்க்கு வருவாய் கிட்டுமாயின் வரவேற்போம். ஆயினும் தோப்பு காடாகாது. வரிசையில் நட்ட மரம் விலை ஏறும் நாளில் வீழும். இனம் பெருகுவது வேறு, இனம் வாழ்வது வேறு என்பதற்குப் பட்டுப்பூச்சியே சான்று.

எனவே தோப்பு மரத்துக்குத் தரும் உரிமம் காட்டு மரத்துக்குத் திரையாகிவிடலாகாது; ஒவ்வொரு கட்டையின் பிறப்பிடமும் ஐயமற உறுதிசெய்யப்பட வேண்டும். வறுமையால் கோடரி தூக்குவோர்க்கு அவரவர் ஊரிலேயே பிழைப்பு வழி காண்பது இரு மாநில அரசுகளின் கடன். செம்மரத்துக்கு நாம் நீர் வார்க்க வேண்டியதில்லை. சிறகுக் காய் பறந்து விழ, அந்தக் கற்சரிவை மட்டும் விட்டுவைத்தால் போதும்.