மூளையை ஆராயும் கூடத்தில் யாருக்கு இடம்?

நரம்பறிவியல் ஆய்வகத்தின் அன்றாடம் கைவேலையால் ஆனது. சுண்டெலியின் மூளையை எடுத்துப் பதப்படுத்தி, உறையவைத்து, மயிரிழையினும் மெல்லிய சீவல்களாக அறுக்க வேண்டும். ஒளிர்சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின்கீழ் மணிக்கணக்கில் நரம்பணுக்களை எண்ண வேண்டும். எந்தப் பாடநூலும் இதைக் கற்றுத் தராது. மூத்த ஆய்வாளரின் அருகில் நின்று, பல சீவல்களைக் கிழித்து வீணாக்கிய பிறகே கை பழகும். ஆகவே, ஆய்வகத்துக்குள் நுழையும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது என்பதே யார் அறிவியலாளர் ஆகிறார் என்பதைத் தீர்மானிக்கிறது.

முதுகலை பயின்றபோது அத்தகைய ஆய்வகம் ஒன்றில் ஆறு மாதம் பயிற்சி பெற்றேன். ஊதியம் கிடையாது. உடனிருந்தோரில் பலர் பேராசிரியருக்கு அறிமுகமானவர்களின் பரிந்துரையால் வந்தவர்கள். நகர வாடகை அவர்களுக்கு ஒரு பொருட்டன்று. நானோ மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து அறை வாடகை கட்டினேன். இரவுவரை நீளும் சோதனைகளில் இருக்க முடியாததை 'ஆர்வக் குறைவு' என்றனர். பரிந்துரைக் கடிதமும் அச்சொல்லைச் சுமந்தே வந்தது. சாதியின் பெயரை எவரும் உச்சரிக்கவில்லை. உச்சரிக்கத் தேவையும் எழவில்லை.

அங்கே செத்த எலியை அறுத்தவர் ஆய்வாளர். அதை அள்ளி அகற்றியவர் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. ஒரே உடல், ஒருவர் கையில் அறிவாகவும் மற்றவர் கையில் அழுக்காகவும் ஆனது. அறிவையும் கைத்தொழிலையும் சாதி பிரித்துவைத்ததே இந்தியாவில் அறிவியல் மனப்பான்மை நலிந்ததற்குக் காரணம் என்று வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ராய் அன்றே எழுதினார். அப்பிரிவினை ஆய்வகத்தின் வாயிலோடு நின்றுவிடவில்லை.

இது தனியொரு ஆய்வகத்தின் குறை அன்று. மத்தியக் கல்வி நிறுவனங்களில் மாணவர் சேர்க்கைக்கான 2006ஆம் ஆண்டின் இடஒதுக்கீட்டுச் சட்டமும், ஆசிரியர் நியமனத்துக்கான 2019ஆம் ஆண்டின் சட்டமும் சில நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கின்றன. அப்பட்டியலில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தோடு, அரியானா மாநிலம் மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையமும் உள்ளது. சட்டம் இவற்றை மேன்மைமிகு நிறுவனங்கள், ஆராய்ச்சி நிறுவனங்கள், தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என வகைப்படுத்துகிறது. ஒடுக்கப்பட்டோர் நுழைந்தால் மேன்மை குன்றும் என்னும் பழைய நம்பிக்கை, இங்கே நாடாளுமன்றத்தின் சொல்லாகவே ஆகிவிட்டது.

இடஒதுக்கீடு உள்ள இடங்களிலும் வாயிலைக் கடப்பது மட்டுமே போதவில்லை. தில்லி எய்ம்ஸ் குறித்து 2007-இல் அறிக்கை அளித்த தோரட் குழு, பட்டியலின, பழங்குடி மாணவர்கள் விடுதியிலும் வகுப்பிலும் மதிப்பீட்டிலும் எதிர்கொண்ட பாகுபாட்டைப் பதிவு செய்தது.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. பொதுப்பணத்தில் இயங்கும் ஆய்வகங்களின் பயிற்சி இடங்கள் வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டும். பயிற்சிக்கு உதவித்தொகை வேண்டும். எந்தச் சமூகத்தினர் எத்தனை பேர் என்ற கணக்கை ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். விலக்குப் பட்டியல் நீக்கப்பட வேண்டும். மூளையில் சாதி இல்லை என்று கற்பிக்கும் துறை, அதைத் தன் சேர்க்கைப் பட்டியலில் மெய்ப்பிக்கட்டும்.