கப்பல் ஏறும் உரிமை: மாற்றுத்திறனாளிப் பயணிகள் குறித்து எங்கள் நிலைப்பாடு

சாந்த்ராகாச்சி, ஹவுரா மாவட்டம்

கொல்கத்தா வட்டாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த மாற்றுத்திறனாளிகளும், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரும் கூடி நடத்தும் அமைப்பு எங்களுடையது. ஆற்றிலும் கடலிலும் சுற்றுலாக் கப்பல் விடுவோர் எங்களை எப்படி நடத்த வேண்டும் என்பதில் எங்கள் நிலையை இங்கே வெளிப்படையாக வைக்கிறோம். மாற்றுத்திறனைக் காரணம் காட்டி யாருக்கும் பயணச்சீட்டை மறுக்கக் கூடாது. எங்களிடம் மருத்துவச் சான்று கேட்பதற்கு முன், கப்பலைப் பற்றிய முழு விவரத்தை எங்களுக்குத் தர வேண்டும்.

இந்தக் கேள்வி இப்போது எழக் காரணம் இருக்கிறது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் பயணம் தொடங்கியது. 2023 ஜனவரி 13 அன்று வாராணசியில் புறப்பட்ட ‘கங்கா விலாஸ்’, கொல்கத்தா, வங்கதேசம் வழியாகத் திப்ருகர் வரை 51 நாள், சுமார் 3,200 கிலோமீட்டர் செல்லும் பயணமாக அறிவிக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு ‘குரூஸ் பாரத்’ திட்டத்தைத் தொடங்கியது. புதிதாக எழும் துறைகளிலும் கப்பல்களிலும் எங்களுக்கான வசதியை இப்போதே சேர்த்தால் செலவு குறைவு. கட்டி முடித்தபின் இடித்துத் திருத்துவது யாருக்கும் ஆகாத வேலை.

கப்பல் பயணம் கப்பலில் தொடங்குவதில்லை. சென்னையிலிருந்து வரும் பலர் இறங்குவது எங்கள் சாந்த்ராகாச்சி நிலையத்தில்தான். 2018 அக்டோபர் 23 அன்று மாலை, சில ரயில்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்ததால் இங்கே நடைமேம்பாலத்தில் நெரிசல் ஏற்பட்டு இருவர் இறந்தார்கள். திடகாத்திரமானவர்களே மிதிபட்ட பாலம் அது. கூட்டமும் ஒலிபெருக்கியும் சேர்ந்தாலே காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடும் பிள்ளையோடு அதைக் கடப்பது எப்படியிருக்கும் என்பதை எங்கள் உறுப்பினர்கள் அறிவார்கள். ஆகவே கப்பல் நிறுவனம் தன் பொறுப்பைத் துறைமுக வாசலிலிருந்து கணக்கிடக் கூடாது. ரயில் நிலையத்திலிருந்தே வழி சொல்ல வேண்டும்.

அடுத்த தடை படகுத்துறை. ஹூக்ளி ஆற்றில் நாளுக்கு இருமுறை தண்ணீர் ஏறி வற்றுகிறது. ஏற்றத்தின்போது மிதவை மேடை கரைக்கு ஏறக்குறைய சமமாக நிற்கும். சக்கர நாற்காலியை ஒருவரே தள்ளிவிடலாம். வற்றத்தின்போது மேடை கீழே இறங்கிவிடும். இணைப்புப் பாலம் செங்குத்தாகச் சாயும், சேறு படிந்த பலகையில் சக்கரம் வழுக்கும். அப்போது நாலு பேர் நாற்காலியோடு ஆளைத் தூக்குவார்கள். அந்த மனிதர்களின் நல்ல மனசுக்கு நன்றி சொல்கிறோம். ஆனால் மூட்டையைப் போலத் தூக்கப்படுவதை வசதி என்று நாங்கள் ஏற்கமாட்டோம். ஏற்றவற்ற அட்டவணை ஆண்டு முழுவதற்கும் முன்கூட்டியே வெளியாகிறது. அதைப் பார்த்து ஏறும் நேரத்தை வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

கப்பலுக்குள்ளும் கவனிக்க வேண்டியவை உண்டு. தண்ணீர் புகாதிருக்கக் கதவடியில் உயர்த்திக் கட்டிய நிலைப்படி, அறையின் வாசல் அகலம், இயந்திரத்தின் அதிர்வு, டீசல் வாடை, சாப்பாட்டுக் கூடத்தின் இரைச்சல் எல்லாம் அதில் அடங்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது அபாய ஒலி. ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி. உலகெங்கும் கடற்கப்பல்களில் இதுவே விதி. பயணம் தொடங்கும்போதே எல்லாப் பயணிகளுக்கும் பாதுகாப்புப் பயிற்சி நடத்த வேண்டும். அந்தப் பயிற்சியிலிருந்து எங்களுக்கு விலக்கு வேண்டாம். உயிர் காக்கும் பயிற்சி அது. ஆனால் எப்போது, எவ்வளவு நேரம் ஒலிக்கும் என்று முன்பே சொன்னால் பெற்றோர் பிள்ளையைத் தயார்செய்ய முடியும், காதுக்கவசம் மாட்ட முடியும். காது கேளாதவருக்கு அதே எச்சரிக்கை ஒளியாகவும் அதிர்வாகவும் அவர் அறைக்குள் வந்துசேர வேண்டும்.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கெனத் தனியாக ஒரு கப்பல் விட்டால் போதுமே என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். அத்தகைய பயணங்களை எதிர்க்கவில்லை. விரும்புகிற குடும்பங்கள் போகட்டும். ஆனால் அதைக் காட்டி மற்றக் கப்பல்களின் கதவை மூடினால் அது ஒதுக்கல்தான். அண்ணன் ஒரு கப்பலில், தம்பி இன்னொன்றில் என்று குடும்பத்தைப் பிரிக்கும் சுற்றுலா எங்களுக்குத் தேவையில்லை. ஓர் அமைதி அறையும் கூட்டமில்லாத ஒரு சாப்பாட்டு வேளையும் எந்தக் கப்பலிலும் சாத்தியம்.

சட்டம் எங்கள் பக்கம் நிற்கிறது. 2012 பிப்ரவரியில் மூளை முடக்குவாதம் உள்ள செயற்பாட்டாளர் ஜீஜா கோஷ், மாநாட்டுக்காகக் கோவா செல்லக் கொல்கத்தாவில் விமானம் ஏறி அமர்ந்த பிறகு இறக்கிவிடப்பட்டார். 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தனியார் விமான நிறுவனம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. விமானத்தில் தவறான செயல் கப்பலில் சரியாகிவிடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 41ஆம் பிரிவில் எல்லாப் போக்குவரத்தையும் அணுகத்தக்கதாக்கச் சொல்கிறது. அணுகல் தரங்களைப் பரிந்துரையாக மட்டும் விட்டுவைக்க முடியாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அந்தக் கட்டாய விதிகள் ஆற்றுப் படகுத்துறைகளையும் பயணக் கப்பல்களையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும் என்பது ஒன்றிய அரசிடம் எங்கள் கோரிக்கை.

துணையாளர் இல்லாமல் வரக் கூடாது என்ற பொது நிபந்தனையையும் நாங்கள் ஏற்கவில்லை. யாருக்குத் துணை வேண்டும் என்பதை அந்தப் பயணியே சொல்வார், அவரிடம் கேளுங்கள்.

குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பணம் கட்டும் முன் வாசல் அகலம், இணைப்புப் பாலத்தின் சாய்வு, பயிற்சி நேரம், அமைதியான இடம் ஆகியவற்றை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். மாற்றுத்திறனைச் சொல்லி மறுத்தால் அந்தக் கடிதத்தோடு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுங்கள்.