தலைக்கு எத்தனை கிலோ?

"தம்பி, நீ பி.காம்.தான? ஒரு கணக்குப் போட்டுச் சொல்லு" என்று திருவொற்றியூர் டீக்கடையில் அண்ணன் கேட்டபோது, ஏலச்சீட்டுத் தகராறு என்றுதான் நினைத்தேன். எங்கள் பக்கத்தில் பி.காம். படித்தவனிடம் மூன்றே விஷயம்தான் கேட்பார்கள். சீட்டு, வட்டி, 'இன்னும் வேலை கிடைக்கலியா?' அண்ணன் கேட்டது நாலாவது.

"ஆம்ப்ளிஃபையர் வாங்கணும்பா. கனமே இருக்கக் கூடாது."

அண்ணனுக்கு வயது ஐம்பத்திரண்டு. பகலில் எண்ணூர் பக்கம் லேத் பட்டறை. ராத்திரியில் லைட் மியூசிக் குரூப்பில் பேஸ் கிட்டார். அவருடைய பழைய ஆம்ப், பதினைந்து இன்ச் ஸ்பீக்கரோடு ஒரே மரப்பெட்டி. பழைய பேப்பர் கடைத் தராசில் ஏற்றிப் பார்த்தோம்: 38 கிலோ. கடைக்காரர் ஆசையாக, "போடறீங்களா?" என்று வேறு கேட்டார்.

அந்தப் பெட்டியை மேடை ஏற்றும்போதுதான் இடுப்பில் 'கிளுக்'. டாக்டர், "அஞ்சு கிலோவுக்கு மேல தூக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். அண்ணன் நியாயமாகக் கேட்டார்: "கிட்டாரே நாலு கிலோ ஸார். மிச்சம் ஒரு கிலோல நான் இன்னாத்த தூக்கறது?"

இதற்குள் குரூப் ஓனர், "கீபோர்டு பையன் லெஃப்ட் ஹேண்டுல பேஸ் வாசிச்சுக்குவான்ணே, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று அன்பாகச் சொல்லியிருந்தார். ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், மேலிடத்திலிருந்து 'ரெஸ்ட்' என்ற வார்த்தை வந்தால் என்ன அர்த்தம் என்று.

ஆக, பிரச்னை ஒரு கிலோவில் வந்து நின்றது. நான் படிக்க ஆரம்பித்தேன்.

ஸ்பீக்கர் இல்லாத வெறும் ஆம்ப்ளிஃபையருக்கு 'ஹெட்' என்று பெயர். தலை! ஸ்பீக்கர் இருக்கும் பெட்டி கேபினெட். இந்தத் தலைகள் ஒரு காலத்தில் ராவணன் தலை கனம் கனத்தன. 1969-ல் அமெரிக்காவில் ஆம்பெக் கம்பெனி எஸ்.வி.டி. என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 300 வாட், 14 வால்வு, சுமார் 38 கிலோ. ஸ்பீக்கர் சேராமல்! ரோலிங் ஸ்டோன்ஸ் அந்த வருஷச் சுற்றுப்பயணத்தில் அதைத்தான் வைத்துக்கொண்டு முழங்கினார்கள். அவர்களுக்கென்ன, தூக்க ஆள் இருந்தது.

இப்போது அதே வேலையைச் செய்ய ஒரு கிலோ, ரெண்டு கிலோவில் தலைகள் வந்துவிட்டன. கேலியன் க்ரூகரின் எம்பி 200 சுமார் ஒரு கிலோ, 200 வாட். எப்படி என்று கேட்டால் இரண்டு காரணம். ஒன்று, 'கிளாஸ் டி'. டி என்றால் டிஜிட்டல் என்று கடைகளில் சத்தியம் செய்வார்கள். நம்பாதீர்கள். ஏ, பி, சி-க்கு அடுத்த எழுத்து, அவ்வளவுதான். பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப், பாதி திறந்த குழாய் மாதிரி. உள்ளே போகும் மின்சாரத்தில் கணிசமான பங்கு வெறும் சூடாக வீணாகும். அந்தச் சூட்டை விரட்ட அலுமினியப் பாளம் வேண்டும். கிளாஸ் டி-யில் டிரான்சிஸ்டர் முழுக்கத் திறக்கும், இல்லையென்றால் முழுக்க மூடும், செகண்டுக்குப் பல லட்சம் தடவை. நூற்றுக்குத் தொண்ணூறு அளவுக்கு ஸ்பீக்கருக்கே போய்விடும்.

இரண்டாவது, பவர் சப்ளை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நேரடியாக மாற்ற இரும்பும் தாமிரமுமாகப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதையே முதலில் பல்லாயிரம் ஹெர்ட்ஸாக்கிவிட்டால் நெல்லிக்காய் சைஸ் டிரான்ஸ்ஃபார்மர் போதும். உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அதே எஸ்.எம்.பி.எஸ். சமாசாரம்தான்.

அண்ணனும் நானும் கடைக்குப் போனோம். விற்பனைப் பையன் முதலில் காட்டியது 800 வாட் என்று அட்டையில் போட்டது. எனக்கு உடனே சின்ன வயசு டேப்ரெக்கார்டர் ஞாபகம் வந்தது. தீப்பெட்டி சைஸ் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்களே! அட்டையைப் புரட்டி, தொடர்ச்சியாக எத்தனை வாட், எத்தனை ஓம்ஸில் என்று தேட வேண்டும். பெரும்பாலும் 4 ஓம்ஸில் சொல்வார்கள். நம் கேபினெட் ஒன்றே ஒன்று, 8 ஓம்ஸ் என்றால் அவ்வளவு வராது. 200 வாட் தலை 140 வாட்தான் தரும். "அறுபது வாட் நஷ்டமா!" என்று அண்ணன் பதறினார். காதுக்கு அது ஒன்றரை டெசிபல்கூட முழுசாக இல்லை... சரி, துல்லியமாகச் சொன்னால் ஒன்றரையைத் தொட்டுவிடும். வாட் இரட்டிப்பானாலே மூன்று டெசிபல்தான் ஏறும். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க வாட்ஸ் பத்து மடங்கு வேண்டும். காசை வாட்ஸில் கொட்டுவதைவிட நல்ல ஸ்பீக்கரில் போடுவது லாபம். எட்டு ஓம்ஸ் கேபினெட் இரண்டைச் சேர்த்தால் 4 ஓம்ஸ் ஆகும். மூன்றாவதைச் சேர்த்தால் தலை புகையும்.

அடுத்து, பின்பக்கம் டி.ஐ. அவுட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கிருந்து ஒரு வயர் மிக்ஸருக்குப் போய்விட்டால், தெருக்கோடி வரை கேட்க வைப்பது ஸவுண்ட் சர்வீஸ்காரர் பாடு. நம் தலை மேடையில் நமக்கும் டிரம்மருக்கும் கேட்டால் போதும்.

எனக்கு முக்கியமாகப் பட்டது இதெல்லாம் இல்லை. வோல்டேஜ். வடசென்னை ஊருக்கே மின்சாரம் தயாரித்துக் கொடுத்த பூமி. 2017-ல் மூடும்வரை எண்ணூர் அனல் மின் நிலையம் எங்களுக்குச் சாம்பலையும் மற்றவர்களுக்கு வெளிச்சத்தையும் தந்தது. ஆனால் ஆடி மாசம் தெரு முழுக்க சீரியல் லைட் போட்ட பிறகு மேடைக்கு வந்து சேரும் வோல்டேஜைப் பார்த்தால் அழுகை வரும். அதனால் பின்பக்க லேபிளில் '100-240' என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடலாம். சிலவற்றில் 115, 230 என்று ஸ்விட்ச் மட்டும் இருக்கும். அமெரிக்காவிலிருந்து மச்சான் கொண்டுவருவது வெறும் 115-ஆக இருந்தால், நம் பிளக்கில் செருகிய கணமே தீபாவளி.

அண்ணன் தன் கிட்டாரையே கொண்டுவந்திருந்தார். இருபது நிமிஷம் கீழ்க் கம்பியையே போட்டுத் தட்டினார். பேஸின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ். சின்னத் தலைகள் மூச்சு வாங்குவது அங்கேதான். பையன் முகம் சுருங்கியது. கடைக் கண்ணாடியும் அதிர்ந்தது. '100-240' லேபிள் ஒட்டிய 200 வாட் தலையை எடுத்தோம். பெயர் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும். 1 கிலோ 100 கிராம். "நூறு கிராமை டாக்டர்கிட்ட சொல்லாத" என்றார்.

விலை 26,000. கணக்கு போட்டேன். நிகழ்ச்சிக்கு ஆட்டோ 350, பெட்டி தூக்கும் பையனுக்கு 150. மாசம் நாலு நிகழ்ச்சி. 13 மாசத்தில் போட்ட காசு வந்துவிடும். குரூப்பில் இருந்தால்!

ஒரு பயம் மட்டும் உண்டு. பழைய ஆம்ப் படுத்தால் வண்ணாரப்பேட்டையில் ஒருவர் சால்டரிங் அயர்னும் பீடியுமாக உட்கார்ந்து 200 ரூபாயில் எழுப்பிவிடுவார். புதுசைத் திறந்து காட்டினோம். கடுகு கடுகாக ஒட்டியிருந்த போர்டைப் பார்த்து, "இதுல கை வெக்க மாட்டேன்பா" என்று மூடிக் கொடுத்துவிட்டார். எடை குறைந்ததற்குக் கொடுக்கும் விலைகளில் இது ஒன்று. அதனால் அண்ணன் பழைய ஆம்ப்பின் உள் சமாசாரத்தைக் கழற்றி வீட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டார். மரப்பெட்டியும் 8 ஓம்ஸ் ஸ்பீக்கரும் கேபினெட்டாகி ஸவுண்ட் சர்வீஸ் கோடவுனுக்குக் குடிபோனது. வேனில் அவர்கள் பெட்டிகளோடு அதுவும் வரும்.

முதல் நிகழ்ச்சி காசிமேட்டில், அம்மன் கோயில் ஆடித் திருவிழா. அண்ணன் தோளில் கிட்டார், கையில் ஜவுளிக்கடைப் பையில் தலை, விம்கோ நகரில் மெட்ரோ ஏறினார். ஸ்கேனரில் பை போனதும் செக்யூரிட்டி, "இன்னா ஸார் இது?" என்றார். "ஆம்ப்ளிஃபையர்." "ஸ்பீக்கர் எங்க?" "கோடவுன்ல." அவர் சந்தேகமாகவே விட்டார்.

நாலாவது பாட்டில் எங்கோ இன்னொரு சீரியல் செட்டைப் போட்டார்கள். ஸவுண்ட்காரரின் மீட்டர் 160-க்கு விழுந்தது. கீபோர்டு அணைந்து, தானே எழுந்து, 'வெல்கம்' என்றது. குரூப் ஓனர் தலையில் கை வைத்துக்கொண்டார். டிரம்ஸும் பேஸும் மட்டும் நிற்கவில்லை. கானா பாடுகிற பையன் ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டு, அந்த இரண்டின் மேலேயே ஏறிப் பாடினான். முன்வரிசைப் பையன்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஆட ஆரம்பித்தார்கள். கீபோர்டு திரும்பி வந்தபோது, "இருப்பா, கொஞ்சம் பொறு" என்று ஓனரே கையைக் காட்டினார்.

முடிந்ததும் ஓனர் அண்ணனிடம் வந்து, "ஞாயித்துக்கிழமை எர்ணாவூர்ல புரோக்ராம்ணே, ஆறு மணிக்கு வந்துடுங்க" என்றார். ரெஸ்ட் பற்றிப் பேச்சில்லை.

அண்ணன் மேடைக்குப் பின்னால் நின்று கேபினெட்டை முறைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இதையும் ஒரு கிலோல செய்ய மாட்டானா?"

"காந்தத்தை மாத்தி எடையைக் குறைச்சிருக்காங்கண்ணே. நியோடிமியம்னு பேரு. ஆனா விலை..."

"வேணாம்பா. வேன் பசங்க இன்னும் சின்னப் பசங்கதான்."