எக்செல் ஷீட்டில் ஏரி பார்க்கும் மக்களுக்கு

நேத்து ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு இருந்தப்போ நண்பன் ஒருத்தன்கிட்டேர்ந்து மெயில். கூடவே ஒரு எக்செல் ஷீட். செப்டம்பர் கடைசியில மூணு குடும்பம், ஊர்லேர்ந்து வர்ற அப்பா அம்மாக்கள், ஒரு நாலு வயசு வாண்டு, எல்லாரும் சேர்ந்து மூணே நாள்ல சுப்பீரியர் ஏரியை முழுசா ஒரு சுத்து. காலை 5:30க்கு மினியாபொலிஸ்ல கிளம்பறோம், 8:10க்கு டுலூத், 8:25க்கு பாலம் முன்னாடி போட்டோ, 8:40க்கு வண்டியில ஏறணும். கலர் கலரா கட்டம், ஃபார்முலா எல்லாம் போட்டு, கடைசியில "எப்பூடி மாப்ள?"ன்னு ஒரு கேள்வி. பயபுள்ள ரசிச்சு செஞ்சிருக்கான். இருந்தாலும் மனசைக் கல்லாக்கிக்கிட்டு சொல்றேன். இது டூர் இல்லை, கூரியர் சர்வீஸ்.

(டிஸ்கி: இந்தப் பதிவுல திட்டு வாங்கப்போற முதல் ஆள் நான்தான். அவன் ரெண்டாவது. இதே மாதிரி பிளான் போட்டு வச்சிருக்கிற மத்த பதிவர்கள் வரிசையில வரவும்.)

முதல்ல கணக்கு. ஏரியைச் சுத்தி வர்ற ரோடு ஏறக்குறைய 1,300 மைல். மினியாபொலிஸ்லேர்ந்து டுலூத் போக 155, திரும்பி வர 155. ஆக மொத்தம் 1,600 மைல். மூணால வகுத்தா ஒரு நாளைக்கு 530 மைலுக்கு மேல. பெரும்பாலும் ரெண்டு லேன் ரோடு, கனடா பக்கம் 90 கிலோமீட்டர்தான் வேகம். தினமும் பத்து மணி நேரம் வண்டி ஓடினாத்தான் இது நடக்கும். சரி, அப்படி ஓடினாலும் ஏரி தெரியுமா? ஒண்டாரியோவுல ரோடு பல இடத்துல கரையை விட்டு காட்டுக்குள்ள போயிடும். மிச்சிகன்ல சீனி பக்கம் 25 மைலுக்கு ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி ஒரே நேர் ரோடு, ரெண்டு பக்கமும் சதுப்பு நிலம்.

அப்புறம் விசா. ஏரியோட வடக்குக் கரை கனடாவுல இருக்கு. அப்பா அம்மாகிட்ட இருக்கிறது அமெரிக்க விசிட்டர் விசா. இந்திய பாஸ்போர்ட்டுக்கு கனடா விசா தனியா எடுக்கணும். அத்தனை கலர் கட்டத்துல அதுக்குன்னு ஒரு கட்டம் கூட இல்லை!

இந்த ஏரி என்ன சைஸுன்னு நம்மாளுங்களுக்குப் புரியறதே இல்லை. 82,000 சதுர கிலோமீட்டர். இலங்கையைத் தூக்கி உள்ள போட்டாலும் மிச்சம் இருக்கும். தமிழ்நாட்டுல பாதிக்கும் மேல. இதை மூணு நாள்ல 'கவர்' பண்றாங்களாம். எனக்கு அந்த 'கவர்' பண்றதுங்கற வார்த்தையே ஆகாது. ஏரி என்ன பத்தாம் கிளாஸ் போர்ஷனா?

இப்போ கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி அப்பா அம்மா முதல் தடவையா வந்தப்போ நானும் ஒரு எக்செல் போட்டேன். ரெண்டே நாள். டுலூத், அங்கேர்ந்து 61ஆம் நம்பர் ரோட்டுல கனடா எல்லை வரைக்கும், திரும்பி வந்து விஸ்கான்சின் பக்கம் பேஃபீல்டு, அப்புறம் வீடு. மொத்தம் 700 மைலுக்கு மேல. எங்கப்பா ரிடையர்டு புவியியல் வாத்தியார். முப்பது வருஷம் கரும்பலகையில ஐம்பெரும் ஏரிகளை வரைஞ்சவர். அதுல முதல் ஏரி முன்னாடி அவரை எவ்வளவு நேரம் நிக்க வச்சேன் தெரியுமா? டுலூத்ல பதினஞ்சு நிமிஷம். தூரத்துல ஒரு கப்பல் தெரிஞ்சுது. "உள்ள வருது போல இருக்கே, பாலத்தைத் தூக்குவாங்களாப்பா?"ன்னு கேட்டார். "அது வர அரை மணி நேரம் ஆகும்ப்பா, லேட்டாயிடும்"னு சொல்லி வண்டியில ஏத்திட்டேன்.

ஸ்பிளிட் ராக் கலங்கரை விளக்கத்துலயும் இதே கதை. 1905 நவம்பர் புயல்ல இந்த ஏரியில ஏகப்பட்ட கப்பல் சேதமானதுக்கு அப்புறம், 130 அடி பாறை உச்சியில கட்டி 1910ல விளக்கேத்தினாங்க. 1969ல நிறுத்திட்டாங்க. அங்க வச்சிருக்கிற தகவல் பலகையை வாத்தியார் ஒரு வரி விடாம படிச்சிட்டு இருந்தார். பாதியில போய் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்.

அன்னிக்கு ராத்திரி மோட்டல்ல அம்மா சுகர் மாத்திரை எடுத்துக் குடுக்கும்போதுதான் பார்த்தேன். காலையில அவர் கையில நான் குடுத்த தண்ணி பாட்டில், மூடி கூட திறக்காம அப்படியே இருந்துச்சு. ஏம்ப்பா குடிக்கலைன்னு கேட்டேன். "அடிக்கடி நிறுத்தச் சொன்னா உன் டைம் தள்ளிப்போகுமேப்பா. அதான்." அவ்ளோதான் சொன்னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். சுகர் இருக்கிற மனுஷன், நாள் பூரா தொண்டை நனைக்காம பின் சீட்டுல உக்காந்து வந்திருக்கார். முன்னாடி உக்காந்த நான் ஷெட்யூலை விட இருபது நிமிஷம் முன்னாடி போறோம்னு தங்கமணிகிட்ட பெருமை அடிச்சிட்டு இருந்தேன்.

இதையெல்லாம் நேத்தே நண்பன்கிட்ட சொன்னேன். "இவ்ளோ டிக்கெட் போட்டு வர்றாங்க, நாலு இடம் பார்க்க வேணாமா? அவங்களே கேக்கறாங்கடா"ங்கறான். கேக்கறாங்கதான், இல்லைங்கலை. எங்கப்பாவும் ஊருக்குப் போய் தெருவுல இருக்கறவங்ககிட்ட இடம் பேரையெல்லாம் வரிசையா சொன்னவர்தான். ஆனா பேர் சொன்னதோட கதை முடிஞ்சுது. ஒரு இடத்தைப் பத்தியும் அடுத்த வரி அவர்கிட்ட இல்லை. லீவு இல்லைங்கறது மட்டும் நியாயமான வாதம். லீவு மூணு நாள்தான்னா மூணு நாளைக்கு உண்டான தூரம் போ. டுலூத்லேர்ந்து கிராண்ட் மரே 110 மைல். அது போதும். அதுவும் முடியலையா, ஸ்பிளிட் ராக்கோட திரும்பு. ஏரி ஒண்ணும் கோவிச்சுக்காது.

இந்தத் தடவை என் பிளான் இதுதான். முதல்ல குறிச்சது பாத்ரூம். சிரிக்காதீங்க மக்களே, அறுபது தாண்டினவங்களை வச்சுக்கிட்டு வேற எதைக் குறிப்பீங்க? டுலூத்ல கேனால் பார்க், அடுத்து டூ ஹார்பர்ஸ், அப்புறம் கூஸ்பெரி அருவி. கூஸ்பெரியில விசிட்டர் சென்டரே ஹைவே ரெஸ்ட் ஏரியாவும் கூட, அங்க பார்க்கிங்குக்கு காசு கிடையாது. அருவிக்கும் கொஞ்ச தூரம் தார் போட்ட பாதையில நடந்தா போதும், அம்மா முட்டிக்கு தோது. அதைத் தாண்டி டெட்டகூஷ்லயும் இதே மாதிரி ரெஸ்ட் ஏரியா இருக்கு. டுலூத்லேர்ந்து டூ ஹார்பர்ஸ் வரைக்கும் அகல ரோட்டுல பறக்கப் போறதில்லை, கரையை ஒட்டின பழைய ரோடுதான். போகும்போது ஏரி வலது பக்கம் வரும், அதனால அப்பா முன் சீட்டுல வலது பக்கம். தங்கமணி பின்னாடி அம்மாவோட. ரூம் கிரவுண்ட் ஃப்ளோர். முதல் நாளைக்கு புளிசாதம், தயிர்சாதம், ஃபிளாஸ்க்ல காபி. செப்டம்பர்ல ஊருக்குள்ள வெயில் அடிச்சாலும் கரையில குளிர் காத்து ஆளைத் தூக்கும், ஸ்வெட்டரும் குல்லாவும் கட்டாயம். சில இடத்துல போன் சிக்னல் கிடைக்காது, மேப்பை முன்னாடியே இறக்கி வச்சுக்கணும்.

டுலூத்துக்கு மட்டும் முதல் நாள் பூரா ஒதுக்கிட்டேன். இரும்புத்தாது ஏத்தற ஆயிரம் அடி நீளக் கப்பலெல்லாம் அந்த சின்ன கால்வாய் வழியாத்தான் வந்து போகும். வர்ற நேரத்தை நெட்லயே போடறாங்க. கப்பல் ஹாரன் அடிச்சா பாலம் பதில் ஹாரன் அடிக்கும், அப்புறம் ரோட்டோட சேர்த்து மேல போகும்.

நண்பனுக்கு இதை அப்படியே எழுதி அனுப்பினேன். "இதுல பிளான் எங்கடா இருக்கு?"ன்னு பதில் வந்திருக்கு. அவன் கோஷ்டி கனடா விசா ஃபாரம் தேட ஆரம்பிச்சாச்சாம். போய்ட்டு வரட்டும், நான் இந்த ஆட்டத்துக்கு வரலை.

ராத்திரி ஊருக்குப் போன் போட்டு அப்பாகிட்ட சொன்னேன், ஒரு நாள் முழுக்க டுலூத்ல இருக்கப்போறோம்னு. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டார், "அந்தக் கப்பல் எத்தனை மணிக்குப்பா வரும்?"