டைப் பேரைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க

ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தைய நாள் ராத்திரி. மாணவர் விவரங்களை எக்செல் ஃபைலா மாத்துற எங்க சி ஷார்ப் கோடு ஓடி முடிஞ்சது, எரர் எதுவும் இல்லை. ஃபைலைத் திறந்தா ஸ்கில்ஸ் கட்டத்துல எல்லாருக்கும் ஒரே வரி: சிஸ்டம் டாட் கலெக்ஷன்ஸ் டாட் ஜெனரிக் டாட் ஹாஷ்செட்! டீம்ல ஒருத்தன் லிஸ்ட்டை ஹாஷ்செட்டா மாத்தியிருந்தான். தப்பு அவன் மேல இல்லை. டைப் பேர் 'லிஸ்ட்'னு ஆரம்பிக்குதான்னு பார்த்தது என் கோடு. இல்லைன்னதும் டூஸ்ட்ரிங் போட்டு எழுதிட்டுப் போயிடுச்சு.

உங்க கோடுலயும் இப்படி ஒரு வரி இருக்கலாம். பேரைக் கேட்காதீங்க, எந்த இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் பண்ணியிருக்குன்னு கேளுங்க.

கேட்கிற விதத்துலயும் ஒரு சிக்கல் உண்டு. எல்லாருக்கும் முதல்ல தோணுறது ஐஸ்அசைனபிள்ஃப்ரம். டி-யை நிரப்பாத ஐகலெக்ஷனை வச்சு லிஸ்ட் ஆஃப் இன்ட்டைக் கேட்டா ஃபால்ஸ்னு வரும். அது சரியான பதில்தான். லிஸ்ட் ஆஃப் இன்ட் இம்ப்ளிமென்ட் பண்றது ஐகலெக்ஷன் ஆஃப் இன்ட்டை. நீங்க கேட்டது வெறும் அச்சை. முறுக்கு அச்சும் முறுக்கும் ஒண்ணு இல்லையே! அதனால கெட்இன்டர்ஃபேஸஸ் தர்ற ஒவ்வொண்ணும் ஜெனரிக்கான்னு பார்த்து, கெட்ஜெனரிக்டைப்டெஃபினிஷன் மூலமா அதோட அச்சை எடுத்து ஒப்பிடணும். ப்ராப்பர்ட்டியோட டைப்பே ஐகலெக்ஷன் ஆஃப் இன்ட்டா இருந்தா அந்தப் பட்டியல்ல அது வராது, தனியா பார்க்கணும். (இதுலயும் ஒரு தடவை விழுந்தேன்.)

"ஜெனரிக் இல்லாத பழைய ஐகலெக்ஷன் போதுமே"ன்னு சொல்வாங்க. ஹாஷ்செட் அதை இம்ப்ளிமென்ட் பண்ணவே இல்லை. ஐஎன்யூமரபிள்னு கேட்டா ஸ்ட்ரிங்கும் உள்ள வந்துடும், மாணவர் பேர் எழுத்து எழுத்தா உடைஞ்சு நிக்கும். ஐகலெக்ஷன் ஆஃப் டி சோதனையில ஸ்ட்ரிங் வராது, ஆனா அரே பாஸ் ஆயிடும். அதுல ஆட் பண்ணிப் பாருங்க, நாட்சப்போர்ட்டட் எக்செப்ஷன் வரும். எழுதப் போறீங்கன்னா ஐஸ்ரீட்ஒன்லியையும் கேட்டுக்கோங்க.

இவ்வளவும் டைப் முன்கூட்டியே தெரியாத இடத்துக்குத்தான். எங்க எக்ஸ்போர்ட் கோடு அப்படிப்பட்டது, எந்த கிளாஸ் வரும்னு அதுக்குத் தெரியாது. டைப் தெரிஞ்ச இடத்துல ஒரு ஜெனரிக் மெத்தட் எழுதினா கம்பைலரே தப்பைப் பிடிச்சுக் கொடுக்கும். என்னை மாதிரி ராத்திரி ரெண்டு மணிக்கு எக்செல்லைத் திறந்து பார்த்துத் தெரிஞ்சுக்க வேண்டியதில்லை.